கனடாக் கடையில் கிடைக்காத கொடி

1

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. கிளாஸ்கோ என்கிற இந்த ஊருக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. தமிழில் பேச ஆளில்லாமல் அடுப்போடும் துணியோடும்தான் பேசிக்கொள்கிறேன். அதனால் ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். முன்னே பின்னே மறந்தும் போகிறது.

பாலக்கரையில் டீச்சராக இருக்கும் என் தம்பி மகள் சரோஜா, தங்கள் மாதர் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதச் சொல்லி இரண்டு கடிதம் போட்டுவிட்டாள். "சீமையில் இருக்கும் அத்தைக்கு எழுத விஷயமா இல்லை?" என்று கேட்டிருந்தாள். நிஜமாகவே இல்லை. நான் பார்த்த சீமை ஒரு சமையல்கட்டு, ஒரு மாடிப்படி, ஒரு கடைத்தெரு. அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. சுதந்திரம் வந்த அன்று பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினார்களாம். "கயிற்றை இழுத்தது நான்தான் அத்தை, கை நடுங்கிவிட்டது" என்று எழுதியிருந்தாள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வாரத்துக்கு நாலு நாள் கொடி ஏற்றுகிறேன். துணி காயப்போடும் கொடி. கயிற்றை முதல் தரம் இழுத்தபோது என் கையும் நடுங்கியதுதான்.

அதே வாரம் கனடாவிலிருந்து எல்ஸியின் கடிதம் வந்தது. எல்ஸி நான் வளர்த்த வெள்ளைக்காரக் குழந்தை. திருச்சி கண்டோன்மெண்ட் பங்களாவில் பிறந்தாள். அவளுடைய அப்பா ரயில்வேயில் இன்ஜினியர் துரை. எல்ஸி பிறந்த பத்தாம் நாள் நான் ஆயாவாகப் போய்ச் சேர்ந்தேன். எனக்குப் பிறந்தது தங்கவில்லை, புருஷனும் போய்விட்டார். எல்ஸிதான் எனக்கு எல்லாம். இப்போது அவள் கல்யாணமாகி, ஆறு வயதுப் பெண்ணோடு கனடாவில் இருக்கிறாள்.

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. கடிதத்தை மேகி அம்மாதான் படித்துச் சொல்வாள். மேகி அம்மா எல்ஸியின் பெரியம்மா, கல்யாணம் செய்துகொள்ளாதவள். அவள் வீட்டில்தான் நான் இருக்கிறேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு படித்தாள்.

எல்ஸி புது ஊருக்கு மாறியிருக்கிறாளாம். வெளியே இடுப்பளவு பனி, சின்ன வீடு, துணி காயவில்லை. இரும்புச் சாமான் கடைக்குப் போய், "சமையல்கட்டில் மாட்ட ஒரு கொடி கொடுங்கள்" என்று கேட்டாளாம். கடைக்காரருக்கு விளங்கவில்லை. இங்கே காட் என்று ஒரு மீன் உண்டு, சொல்லும்போது கொடி மாதிரியே காதில் விழும். அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து எதிர்ச்சாரி மீன் கடைக்குக் கை காட்டினாராம்! 'இந்த ஊர்க்காரர்களுக்குக் கொடி என்கிற சாதாரண இங்கிலீஷ் வார்த்தைகூடத் தெரியவில்லை ஆயா' என்று எல்ஸி எழுதியிருந்தாள்.

மேகி அம்மாவும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "கொடியைக் கொடின்னு சொல்லாம வேற எப்படிச் சொல்லுவாங்களாம்?" என்றாள்.

அது எப்படி இங்கிலீஷ் ஆயிற்று என்று தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

2

எனக்குக் கொடி என்றால் முதலில் ஸ்ரீரங்கம்தான்.

என் அம்மா உத்திர வீதியில் ஒரு மாமி வீட்டில் பின்கட்டு வேலை பார்த்தாள். பாத்திரம் துலக்குவாள், துணி துவைப்பாள். நாங்கள் அம்மா மண்டபம் பக்கம் குடிசையில் இருந்தோம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே மாமி வீட்டுக் கொல்லைக்குப் போய்விடுவேன்.

அந்த வீட்டில் மடித்துணிக்கென்று உயரத்தில் ஒரு மூங்கில் கட்டியிருந்தது. விட்டத்திலிருந்து கயிற்றில் தொங்கும். யார் கையும் எட்டாது, எட்டவும் கூடாது. குளித்துவிட்டு மாமி உடுத்தும் ஒன்பது கெஜம் அதில்தான் காயும். நீளமான ஒரு கம்பால் துணியைத் தூக்கிப் போட்டு, அதே கம்பால்தான் எடுப்பார்கள். நடுவில் வேறு யார் மேலாவது பட்டுவிட்டால் மடி போயிற்று.

அம்மா அடித்துத் துவைத்து வாளியில் வைப்பாள். "அலசி வெச்சுட்டேங்க மாமி" என்று ஒதுங்கிக்கொள்வாள். மாமி வந்து, அம்மா கை பட்ட துணி அத்தனையையும் கிணற்றுத் தண்ணீர் விட்டு மறுபடி அலசிப் பிழிந்து எடுத்துப் போவார். தினமும் இது நடக்கும். அம்மாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் அப்போது இல்லை. வெயில் சுடும் என்பது போல அதுவும் ஒன்று.

வெயில் நாளில் எல்லாம் முற்றத்திலேயே காய்ந்துவிடும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால்தான் கஷ்டம். பத்துப் பேர் துணியும் வீட்டுக்குள் வந்துவிடும். கொல்லை நிலைப்படிக்கு வெளியே நின்று நான் வேடிக்கை பார்ப்பேன்.

"ஏண்டி அங்கம்மா, வாயைப் பொளந்துண்டு என்ன பாக்கறே? தள்ளி நில்லு, மேலே பட்டுடப் போறது" என்பார் மாமி. கோபமாகச் சொல்ல மாட்டார். வழியில் படுத்திருக்கும் கன்றுக்குட்டியிடம் சொல்வது போலச் சொல்வார்.

தள்ளி நின்றாலும் கண் போகும் அல்லவா? மாமி கம்பு பிடிக்கும் அழகே அழகு. ஒன்பது கெஜத்தையும் முழங்கை நீளத்துக்குள் அடக்கிவிடுவார். இரண்டு தலைப்பும் ஒரே மட்டத்தில் தொங்காது, ஒன்று ஒரு சாண் கீழே இருக்கும். ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் அந்த இடம் மட்டும் ஈரமாகவே கிடக்கும். பிறகு ஒரு முனையைக் கம்பால் லேசாக இழுத்துவிடுவார். தண்ணீர் முழுக்க அந்த முனைக்கு ஓடி வந்து சொட்டும். அந்த இடத்தில் ஒரு செம்பு வைத்திருக்கும். கீழே ஆள் நடமாடலாம், தலையில் ஒன்றும் படாது. மழை நாளிலும் அந்த வீட்டுக் கூடத்தில் துணி இருப்பதே தெரியாது.

3

எல்ஸிக்கு ஏழு வயதானபோது அவளைச் சீமையில் படிக்க வைக்க முடிவு செய்தார்கள். எல்ஸியின் அம்மா துரைசானி அவளைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நானும் கூட வந்தேன். மேகி அம்மா வீட்டில் ஆறு மாதம் இருப்பது, சித்திரையில் துரைசானியும் நானும் திரும்பிவிடுவது, எல்ஸி மட்டும் பெரியம்மாவிடம் தங்கிப் படிப்பது என்று ஏற்பாடு.

எல்ஸிக்கு அப்போது இங்கிலீஷைவிடத் தமிழ்தான் நன்றாக வரும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். வந்த ஒரு வாரத்தில் படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். (இதை எழுதலாமா என்று யோசித்தேன். எல்ஸிக்குத் தமிழ் சுத்தமாக மறந்துவிட்டது, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.)

விடிந்தால் ஒரு விரிப்பு, ஒரு கம்பளி, ஒரு கவுன். வெளியே போட்டால் குளிரில் துணி முறுக்கு மாதிரி விறைத்துவிடும். இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும்தான் வீடு. நாற்காலி முதுகில், கட்டில் கம்பியில், அடுப்புக்கு முன்னால், சுவருக்குச் சுவர் கட்டிய கயிற்றில் என்று எங்கே பார்த்தாலும் ஈரத்துணி. குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டும். சுவர்க் காகிதம் பூசணம் பிடித்தது.

மேகி அம்மா அப்போது கண்டிப்பான ஆள். ஒரு நாள் தேநீர்க் கோப்பையோடு உட்கார இடம் தேடினாள். எல்லா நாற்காலியிலும் துணி. நின்றுகொண்டே குடித்துவிட்டுத் தங்கையிடம் ஏதோ படபடவென்று சொன்னாள்.

எல்ஸி என் புடவையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "ஆயா, பெரியம்மா திட்றாங்க. நான் தினம் நனைச்சா என்னை வேற எங்கயோ ஹாஸ்டல்ல விட்டுடுவாங்களாம். நீயும் இங்கயே தங்கிட்டா போகப்போக நின்னுடும்னு அம்மா சொன்னாங்க. பெரியம்மா உன்னை வெச்சுக்க இடம் இல்லைங்கறாங்க."

"நான் எங்க பாப்பா இடத்தை அடைக்கிறேன்? அடுப்பு மூலையில சுருண்டுக்குவேன்."

"அதையும் சொன்னேன். அங்கயும் துணிதான் இருக்குன்னாங்க."

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். சித்திரையில் கப்பல் வந்தால் இந்தக் குழந்தையைத் தனியே விட்டுப் போக வேண்டும். என்ன கெஞ்சுவது, எந்த பாஷையில் கெஞ்சுவது?

4

ஒரு நாள் காலையில் மேகி அம்மா என்னைக் கூப்பிட்டு, மேலே கையைக் காட்டி, "புளி, புளி" என்றாள்.

எனக்கு ஆச்சரியம். என் பெட்டியில் ஸ்ரீரங்கத்திலிருந்து கொண்டுவந்த புளி இரண்டு உருண்டை இருந்தது. இவளுக்கு எப்படித் தெரிந்தது? பெட்டி பரண் மேல் இருந்ததால் மேலே கையைக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். பாதி உருண்டையை ஒரு தட்டில் வைத்துப் பணிவாக நீட்டினேன். அவள் மோந்து பார்த்து, ஒரு ஓரத்தைக் கடித்தாள். முகம் போன போக்கைப் பார்த்து எல்ஸி தரையில் உருண்டு சிரித்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தரம்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அடுப்புக்கு மேலே, கூரையை ஒட்டி நாலு நீளக் கட்டைகள் இருந்தன. கயிறு அறுந்து வெகுகாலமாகச் சும்மா கிடந்தன. அதற்குத்தான் இந்த ஊரில் புல்லி என்று பெயர். மேகி அம்மா நாற்காலி மேல் ஏறிப் புதுக் கயிறு கோத்து இறக்கினாள். நாலு கட்டைகளும் என் மார்பு உயரத்துக்கு வந்து நின்றன. கயிற்று நுனியை என்னிடம் நீட்டினாள்.

நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் முப்பது வயது தாண்டியவள், கடல் கடந்து வந்தவள். ஆனால் மேலேயிருந்து தொங்கும் கட்டையைப் பார்த்ததும், கொல்லை நிலைப்படியில் நின்ற பெண்ணாகிவிட்டேன். கை போகவில்லை.

மேகி அம்மா இன்னொரு தரம் நீட்டினாள். நான் தலையை ஆட்டினேன். அவள் முகம் சிவந்தது. உள்ளே திரும்பித் தங்கையிடம் சத்தம் போட்டாள். எல்ஸி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆயா, நீ வேலை செய்ய மாட்டேங்கறியாம். திமிராம். சித்திரைக்கு முன்னாடியே உன்னை அனுப்பிடணுமாம். ஏன் ஆயா, அந்தக் கயித்தைப் பிடியேன்!"

"பாப்பா, அது மடிக்கொடி. நான் தொட்டா தீட்டாயிடும்."

"தீட்டுன்னா?"

அதற்கு எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. "அழுக்குன்னு சொல்லு" என்றேன்.

எல்ஸி சொன்னாள். மேகி அம்மா என் முதுகுக்குப் பின்னால் இருந்த கைகளை முன்னால் இழுத்து, கடையில் துணி பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலையிலிருந்து சோப்புத் தண்ணீரில் ஊறி விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஏதோ சொன்னாள்.

"இந்தக் கையில அழுக்கு ஒட்டறதுக்கு எங்க இடம் இருக்குன்னு கேக்கறாங்க" என்றாள் எல்ஸி.

மேகி அம்மா கயிற்றை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மூடிவிட்டாள். நான் இழுத்தேன். கீச்கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு கட்டைகள் மேலே போயின. கை நடுங்கியது என்று சொன்னேனே, அது இந்த நாள்தான்.

மறுபடி இறக்கினேன். வீட்டில் இருந்த ஈரத்துணி எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு வந்தேன். மாமி செய்தது ஒவ்வொன்றும் கண்ணில் இருந்தது. தலைப்புகளுக்கு ஒரு சாண் வித்தியாசம் விட்டேன். ஒரு முனையை இழுத்துக் கீழே ஒரு கிண்ணம் வைத்தேன். ஓரத்துக் கட்டைகளில் பெரிய துணி, நடுக்கட்டைகளில் சின்னது. அடுப்புச் சூடு மேலேதானே போகும், அது கூடாரத்துக்குள் புகுந்த மாதிரி நடுவில் சுற்றும். ஜன்னலை மேல்பக்கம் இரண்டு விரல் திறந்துவைத்தேன், ஆவி வெளியே போக. சாயங்காலம் துடைப்பக் கம்பால் எல்லாவற்றையும் ஒரு தரம் புரட்டினேன்.

இன்னொன்றும் செய்தேன். எல்ஸியின் விரிப்பை மட்டும், அது பெரிதானாலும், உள்கட்டையில் போட்டு, வெளிக்கட்டையில் மேகி அம்மாவின் மேஜைத்துணியைத் தொங்கவிட்டேன். கீழே இருப்பவர்களுக்கு மேஜைத்துணிதான் தெரியும். குழந்தை இன்று நனைத்தாளா இல்லையா என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் அல்லவா?

அன்று நாலு மணிக்கு மேகி அம்மா காலியான நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, தேநீர் குடித்தாள். எனக்கும் ஒரு கோப்பை ஊற்றிவைத்தாள்.

சித்திரையில் துரைசானி மட்டும் கப்பல் ஏறினார். "ஆயா இருக்கட்டும். அவ இடத்தை அடைக்கிறதில்லை" என்று மேகி அம்மா சொன்னதாக எல்ஸி வந்து சொன்னாள். எனக்கு அது பெரிய பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. அடுத்த மாதமே மேஜைக்கு எனக்கென்று ஒரு நாற்காலி வாங்கிப் போட்டாள். அது கொஞ்சம் இடத்தை அடைக்கத்தான் செய்கிறது.

5

எல்ஸி அந்த வருஷமே படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்டாள். எட்டு வயதில் என்னிடம் தமிழில் கேட்பாள், இங்கிலீஷில் பதில் சொல்வாள். பத்து வயதில் கேட்பதும் போயிற்று. நான் மட்டும் கொஞ்ச நாள் விடாமல் தமிழில் கேட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகள் கிடைத்து அவள் சிரித்துக்கொண்டு வரும்போது, தமிழ் போனால் போகட்டும் என்று தோன்றும்.

கொடி மட்டும் போகவில்லை. "ஆயா, கொடியை இறக்கு" என்பதை அவள் மாற்றவே இல்லை. எங்கள் கட்டடத்தில் ஒரே மாடிப்படிக்கு எட்டுக் குடித்தனம். அந்த வீடுகளின் பிள்ளைகள் அவளிடம் கற்றுக்கொண்டு தங்கள் வீட்டிலும் சொன்னார்கள். இடம் அடைக்காமல் துணி போடுவதை எட்டிப் பார்க்க வந்த அம்மாக்களும் வார்த்தையை எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது எங்கள் படியில் புல்லி என்று சொன்னால் ஒருமாதிரி பார்ப்பார்கள். தானே ஒரு காலத்தில் புல்லி என்று சொன்னது மேகி அம்மாவுக்கே மறந்துவிட்டது. இதையெல்லாம் யாரிடமும் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம்.

யுத்தத்தின்போது அடையாளச் சீட்டு எழுத ஓர் உத்தியோகஸ்தர் வந்தார். குடும்பப் பெயர் என்ன என்றார். எனக்கு அங்கம்மாள் என்ற பெயர் மட்டும்தான் என்றேன். அவருடைய தாளில் இரண்டு கட்டம் இருந்தது, ஒன்றைக் காலியாக விட அவருக்கு அதிகாரம் இல்லையாம். மேகி அம்மாவைக் கேட்டார். "எல்லாரும் ஆயான்னுதான் கூப்பிடறோம்" என்றாள். எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று முதல் நான் அரசாங்கக் கணக்கில் மிஸஸ் ஆயா. சோப்புக் கூப்பன் இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் வருகிறது.

எல்ஸியின் இந்தக் கடிதம் வந்த அன்றுதான் மேகி அம்மாவிடம் பழைய மேஜைத்துணி சமாசாரத்தைச் சொன்னேன். இனிமேல் என்ன?

"தெரியுமே. வாரத்துக்கு ஒரு தரம் அழுக்காகிற மேஜைத்துணியைத் தினம் துவைச்சா யாருக்குத்தான் தெரியாது?" என்றாள்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"அந்த வீட்டு மேஜைத்துணி மாதிரி வெளுப்பு இந்தத் தெருவில எதுவும் இல்லைன்னு பேர் வந்துது. அதை எதுக்குக் கெடுத்துக்கணும்?"

6

எல்ஸிக்குப் பதில் எழுதச் சொல்லிவிட்டேன். நான் சொல்லச் சொல்ல மேகி அம்மா எழுதினாள். கடையில் புல்லி என்று கேள், கிடைக்காவிட்டால் நாலு கட்டையும் கயிறும் வாங்கி உன் புருஷனையே மாட்டச் சொல். தலைப்புக்கு ஒரு சாண். ஒரு முனையை இழுத்துவிடு. குழந்தையின் விரிப்பை உள்ளே போடு, வெளியே நல்ல துணி போடு. கொடி என்பது இங்கிலீஷ் இல்லை பாப்பா, அது நீ பேசின பாஷை.

கடைசி வரியை எழுதும்போது மேகி அம்மா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "இத்தனை வருஷமா நான் உன் பாஷையா பேசிட்டிருக்கேன்?" என்றாள். "ஒரு வார்த்தைதாங்க" என்றேன்.

இனி சரோஜாவுக்கு. இதைப் பத்திரிகையில் போடுவதற்கு முன்னால் நீ ஒரு தரம் ஸ்ரீரங்கம் போய்ச் சில விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். அந்த மாமி இப்போது இருக்க மாட்டார். அவருடைய பெண் கோமளம் அதே வீட்டில் இருக்கிறாள் என்று உன் அப்பா எப்போதோ எழுதியிருந்தான். அந்த மூங்கில் கூடத்தில் இருந்ததா, சமையல்கட்டை ஒட்டி இருந்ததா? அடியில் வைத்தது செம்புதானா? இதெல்லாம் தப்பாக எழுதியிருந்தால் நீயே திருத்திவிடு.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை சுற்றி வந்தேனோ என்னவோ.

எனக்குப் பத்து வயது இருக்கும். நல்ல மழை. மாமி ஒன்பது கெஜத்தைக் கம்பில் தூக்கும்போது கம்பு நழுவிவிட்டது. ஈரப்புடவை தரையில் விழப் போகிறது. நான் நிலைப்படி தாண்டி உள்ளே ஓடி, இரண்டு கையிலும் ஏந்திவிட்டேன். தரையில் படவில்லை, என் மேல் பட்டுவிட்டது. மாமி பார்த்தார், நான் பார்த்தேன். பிறகு அவர் என் கையிலிருந்து புடவையை வாங்கி, கிணற்றடிக்குப் போகாமல், அப்படியே கம்பில் எடுத்துக் கொடியில் போட்டார்.

எனக்கு அப்படித்தான் ஞாபகம். ஆனால் இத்தனை வருஷம் நானே நினைத்து நினைத்து அப்படி ஆக்கிக்கொண்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. கோமளம் அன்று கூடத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேள். மாமி அந்தப் புடவையை மறுபடி அலசினாரா, அப்படியே போட்டாரா என்று. அலசிவிட்டுத்தான் போட்டார் என்றாலும் மறைக்காமல் எழுது. எனக்கு வருத்தம் வராது. இங்கே என் கை பட நாலு கட்டை இருக்கிறது.

அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் கோமளத்துக்கும் என் வயதுதான். ரொம்ப நாள் தள்ளிப் போடாதே.